பதில் வராத இடமெல்லாம் பச்சை

அந்தக் குடை என்னுது இல்லீங்க. பாத்து, கொஞ்சம் தள்ளிச் சாத்தி வெச்சுட்டு உக்காருங்க. ஒரு நர்ஸம்மாவுது. குன்னூர்ல ஆஸ்பத்திரில வேலை பாக்குது. திருப்பிக் குடுக்கோணும். குடுத்துருவேன். கண்டிப்பாக் குடுத்துருவேங்க.

உக்காருங்க, உக்காருங்க. குன்னூருக்குத்தானே? அடுத்த பஸ்ஸு வந்துரும். மழைங்கறதால கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். ஏனுங்க, இத்தனை நேரம் ரோட்டோரமா நின்னீங்களே, மேல இருந்து ஏதாச்சும் வண்டி இறங்குச்சுங்களா? ஒரு லாரி, ஒரு பைக்கு? இல்லையா. சரி. மழைக்கு எங்காச்சும் ஒதுங்கி நின்னிருப்பாங்க. அப்படித்தான் இருக்கும்.

ஏன் இப்படிக் குறுகி உக்காந்திருக்கேன்னு பாக்கறீங்களா? குளிருங்க. இந்தப் பர்லியார்ல மழைன்னா குளிரத்தானே செய்யும். இல்ல, குளிர் இல்ல. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எனக்குப் பயமா இருக்குதுங்க. நெம்பப் பயமா இருக்குது.

போஜண்ணே, சாருக்கு ஒரு டீ. சக்கரை வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க சார். நான் சொல்ல மறந்துட்டேன், பாருங்க, சக்கரையோடயே வந்துருச்சு. எனக்குச் சக்கரை வியாதி. அதுக்காகப் போஜண்ணனைக் குத்தம் சொல்ல முடியுங்களா? ஒண்ணும் சொல்லாட்டி சக்கரை போட்டுத்தான் குடுப்பாங்க. எங்க வேலையில இதுக்கு டீஃபால்ட்டுன்னு பேரு. வாங்கறவன் வாயத் தொறக்கலைன்னா அவனுக்கு என்ன குடுக்கறதுன்னு முன்னாடியே ஒருத்தன் முடிவு பண்ணி வெச்சிருப்பான். அந்த ஒருத்தன் நானுங்க. டீக்கு இல்ல, மேப்புக்கு.

இந்தா, போன்ல பாருங்க. இங்க டவர் இல்ல, கல்லார்ல இருக்கறப்ப எறக்குனது. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் போற மலை ரோடு. இங்க மஞ்சள், இங்க ஆரஞ்சு. அக்கட்டால நம்ம இருக்கற இடத்துக்கு மேல, குரங்குப்பாலம் வளைவுன்னு சொல்றாங்களே, அது பச்சை. நல்ல பச்சை, வயக்காட்டுப் பச்சை. பாத்தாலே மனசு குளுந்து போகும். அந்தப் பச்சையைப் போட்டது நாந்தானுங்க.

நான் கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல வாத்தியாரு. திருமூர்த்தின்னு பேரு. 'சரிவு'ன்னு ஒரு மென்பொருள் இருக்குது, நான் ஆரம்பிச்சது. காசு கிடையாதுங்க. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், திருத்தலாம். என்னைய மாதிரி ஊருக்கு ஒருத்தர், நாட்டுக்கு ஒருத்தர்னு சேந்து, சம்பளமில்லாம ராவும் பகலும் எழுதினோம். மலைச்சரிவுல அங்கங்க மண்ணுக்குள்ள கருவி பொதைச்சு வெச்சிருப்பாங்க. மண்ணு எவ்வளவு தண்ணி குடிச்சிருக்குதுன்னு அது சொல்லும். அதையெல்லாம் வாங்கிச் சரிவு ஒரு படமா வரையும். மண்ணு கெட்டியா இருந்தாப் பச்சை. ஈரம் ஏற ஏற மஞ்சள், ஆரஞ்சு. சிவப்பு வந்துச்சுன்னா மலை எப்ப வேணும்னாலும் சரியலாம்னு அர்த்தம்.

கலர் புடிக்கலைன்னா மாத்திக்கலாங்க. எல்லாத்தையும் மாத்திக்கலாம். நாங்க யாரு கையையும் கட்டிப் போடலை. ஆனா எவன் மாத்தறான்? எடுத்தா எடுத்தபடி அப்படியே மாட்டிருவாங்க. அது என்ற தப்புங்களா? நீங்களே சொல்லுங்க.

இருங்க. இப்ப ஏதோ சத்தம் கேட்டுச்சே. மேல இருந்து. கல்லு உருள்ற மாதிரி. பக்கத்துக் கடை ஷட்டரா? ஷட்டர்தானா? சரி.

எங்க விட்டேன்? ஆங், சாம்பல் கலரு. ஆரம்பத்துல கருவி ஒண்ணும் அனுப்பாத இடத்தைச் சாம்பல் கலர்லதான் விட்டிருந்தோம். மழைக்காலத்துல எந்தக் கருவியாச்சும் ஒண்ணு படுத்துக்கும். ஒயரை எலி கடிச்சிரும், பேட்டரில தண்ணி எறங்கிரும். அப்ப படத்துல திட்டுத் திட்டா சாம்பல் நிக்கும். ஒரு கருத்தரங்கத்துல பெரிய திரையில போட்டுக் காட்டறேன், முன்வரிசைல உக்காந்திருந்த பெரிய மனுசர் ஒருத்தரு, "என்னப்பா, மலைக்குத் தேமல் வந்திருக்குதா?"ன்னு கேட்டுப்போட்டாரு. சபையே சிரிச்சுது. எனக்கு மானமே போச்சுங்க. அன்னிக்குச் சோறு எறங்கலை.

வீட்டுக்கு வந்து மாத்துனேன். பதில் வராத இடம்னா பட்டியல்ல அடியில இருக்கற கலரை எடுத்துக்கன்னு சொல்லிப்போட்டேன். சிவப்பு மேல, பச்சை அடியில. ஒரே வரிதாங்க. படம் என்னமா வந்துச்சு தெரியுங்களா! ஓட்டை இல்ல, திட்டு இல்ல, மலை பூரா பச்சைப் பசேல்னு. அடுத்த வருசம் அதே கருத்தரங்கத்து அட்டையில அதைத்தான் போட்டாங்க. எங்க வீட்டு ஹால்ல சட்டம் போட்டு மாட்டியிருக்குது.

நானா தன்னிச்சையா மாத்தலைங்க, அதையும் சொல்லிடறேன். எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. ஒண்ணை மாத்தணும்னா எல்லாருக்கும் எழுதிப் போடோணும். ஒரு வாரம் பொறுக்கோணும். யாரும் மறுத்து எழுதலைன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம். பின்ன, ஒவ்வொருத்தனா தேடிப் புடிச்சுக் கேட்டுட்டிருந்தா எந்த வேலைதான் நடக்கும்? நானும் எழுதிப் போட்டேன். தீபாவளிக்கு முந்தின நாளு. வேணும்னு அன்னிக்குப் போடலீங்க, அன்னிக்குத்தான் எனக்குக் கை ஓஞ்சுது. ஒருத்தரும் வாயத் தொறக்கலை. ஆகட்டும்னு சேத்துட்டேன். முறைப்படிதான் நடந்துச்சு.

ஹசீனான்னு ஒரு பொண்ணு இருக்குதுங்க. கீழக்கரை. நேர்ல பாத்ததே இல்ல. விளக்கப் பக்கங்களை எழுதித் தர்றேன்னு தானா வந்து சேந்துச்சு. யாரும் சீந்தாத வேலைங்க அது. புரோகிராம் எழுதறதுக்குப் போட்டி போட்டுட்டு வருவானுங்க, அதை எப்படி ஓட்டறதுன்னு எழுதிக் குடுறான்னா ஒருத்தனையும் காணோம். நான் எழுதி வெச்சிருந்த பக்கத்தைப் பாத்துட்டு, "சார், இதை எழுதினவருக்கு மட்டும்தான் இது புரியும்"னு சொல்லுச்சு. கொஞ்சம் வாய் ஜாஸ்தி. ஆனா எழுத்து சுத்தம். ரோட்டுல மண்வெட்டி புடிக்கறவங்க படிச்சாலும் வெளங்கற மாதிரி எல்லாத்தையும் மாத்தி எழுதுச்சு.

எழுதறவங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், எல்லாத்தையும் கேட்டுத் தொலைப்பாங்க. ஒரு நாளு கேக்குது, கருவி செத்துப் போனா அந்த இடம் என்ன கலர்ல வரும்னு. பச்சைம்மான்னேன். காஞ்ச மண்ணு? அதுவும் பச்சைதான். அப்ப ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டுச்சு. உள்ள போயி, கருவி கடைசியா எப்ப நம்பர் அனுப்புச்சுன்னு தேடிப் பாத்தா தெரியும்மான்னேன். பொறவு முதல் பக்கத்துல, எல்லாத்துக்கும் மேல, பெரிய எழுத்துல ஒண்ணை எழுதி அனுப்புச்சு. "பச்சை என்றால் ஆபத்து இல்லை என்று பொருள் அல்ல. அந்த இடத்திலிருந்து தகவலே வராமலும் இருக்கலாம்." அப்படின்னு.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. கடையைத் தொறந்து வெச்சு வாசல்லயே சோறு கெட்டிருக்கலாம்னு போர்டு மாட்டுவாங்களா? நான் அந்தப் பொண்ணு மனசு நோகாத மாதிரி ஒண்ணு செஞ்சேன். எடுத்துப் போடலை. கடைசிப் பக்கத்துல, 'மேலும் அறிய'ங்கற தலைப்புக்குக் கீழ கொண்டு போய் வெச்சேன். ஒரு எழுத்தைக் கூட மாத்தலை. இருக்குதுங்க, இன்னிக்கும் இருக்குது. யாரு வேணும்னாலும் பாத்துக்கலாம்.

அதோட விட்டுச்சா? டீஃபால்ட்டையே மாத்துங்க சார்னு புடிச்சுக்கிச்சு. பதில் வராத இடத்துக்குக் கறுப்புக் கோடு போடலாம்னு படம் வரைஞ்சே அனுப்புச்சு. நான் பொறுமையா எழுதுனேன். ஏம்மா, ஏற்கனவே அத்தனை ஊர்ல இந்தப் படத்தைப் பாத்துப் பழகியிருக்காங்க. நேத்துப் பச்சையா இருந்த இடம் இன்னிக்குக் கறுப்புக் கோடாத் தெரிஞ்சா ஜனங்க பயந்துக்குவாங்க, அப்படின்னு. அதுக்கு அது ஒரே வரியில பதில் போட்டுச்சு.

"பயப்படட்டும் சார்."

இது ஒரு பதிலுங்களா? மனுசனைப் பயமுறுத்தறதுக்கா நம்ம மென்பொருள் எழுதறோம்? நான் அதுக்கு மேல பேசலை. ஒரு வாரம் ஆச்சு, வேற யாரும் அந்தப் பேச்சை எடுக்கலை. அப்படியே அடங்கிப் போச்சு.

மேல இருந்து ஏதாச்சும் வந்துச்சுங்களா? நான் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியலை. இல்லையா. குன்னூர்ல இருந்து காலையில காய் லாரி இறங்குமே. இன்னிக்கு லோடு இல்லையோ என்னமோ.

சரி, நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்னு கேப்பீங்க. மேல குன்னூர்ல, நெடுஞ்சாலை ஆபீஸ்ல சரிவை எடுத்து மாட்டியிருக்காங்க. இன்னிக்குப் பெரிய திரை தொறந்து வெக்கறாங்க. எனக்குப் பொன்னாடை போடறாங்களாம். அழைப்பிதழ்ல என்ற பேரு போட்டிருக்குது. போட்டோ அனுப்பியிருந்தாங்க, திரைக்குப் பக்கத்துலயே நம்ம விளக்கத்தை லேமினேட் பண்ணி ஒட்டியிருக்காங்க. முதல் பக்கம் மட்டும். அதைப் பாத்துத்தான் தினமும் காலையில வண்டி விடலாமா வேண்டாமான்னு டிப்போவுக்குச் சொல்றாங்களாம். பச்சைன்னா விடு, சிவப்புன்னா நிறுத்து. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுங்களா? புதுச் சட்டைங்க இது.

காலையில நான் வந்த பஸ்ஸு கல்லார் தாண்டறதுக்குள்ள ஹசீனாகிட்ட இருந்து மெசேஜு. குரங்குப்பாலம் வளைவுல இருக்கற கருவி நேத்துல இருந்து ஒண்ணுமே அனுப்பலை சார், படத்துல பச்சையா நிக்குது, நீங்க அந்தப் பக்கம்தானே போறீங்க, யாருகிட்டயாச்சும் சொல்லிருங்கன்னு. அதைப் படிச்சதும் மேப்பை மறுபடி மறுபடி தொறந்து பாத்தேங்க. வெளிய பாத்தா மழை கொட்டுது. ரோட்டுல செந்தண்ணி ஓடுது. கண்டக்டரு பாட்டுக்கு முன் சீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டு வர்றாரு, இன்னிக்கு மேல பச்சைதாங்க, கவலைப்படாதீங்கன்னு.

எனக்குப் பக்கத்து சீட்டுலதான் அந்த நர்ஸம்மா. ஜெசிந்தான்னு பேரு. நான் போனைத் தொடைக்கறதையும் பாக்கறதையும் கவனிச்சுட்டு, உடம்புக்கு ஏதும் பண்ணுதா சார்னு கேட்டுச்சு. கேட்டதும் எனக்குத் தாங்கலை. உங்ககிட்டச் சொல்ற மாதிரியே எல்லாத்தையும் கொட்டிட்டேன். தேமலு, தீபாவளி, கறுப்புக் கோடு, எல்லாம். அது பாட்டுக்குக் கேட்டுட்டே வந்துச்சு. கடைசியா ஒண்ணு சொல்லுச்சு.

"இதை ஏன் சார் என்கிட்டச் சொல்றீங்க? டிரைவர்கிட்டல்ல சொல்லணும்."

சொல்லத்தான் போறேன்மா, பர்லியார்ல வண்டி நிக்குமில்ல, அப்பச் சொல்றேன்னேன். சொல்லத்தான் நெனச்சேன். சத்தியமா. ஆனா நீங்க என்ற எடத்துல இருந்து பாருங்க. மேல ஆளுங்க மாலையோட நிக்கறாங்க. என்ற படத்தை நம்பாதீங்கன்னு நானே பஸ்ஸை நிறுத்திட்டுப் போனா எந்த மூஞ்சியோட அங்க போய் நிப்பேன்? அதோட, ஒண்ணும் ஆகாமப் போச்சுன்னு வெச்சுக்குங்க. கருவி மட்டும் கெட்டுப் போயி, மலை நல்லா இருந்துச்சுன்னா? பஸ்ஸே சிரிக்கும். மறுபடியும் தேமல் கதையாயிரும்.

இங்க வந்து நின்னுச்சு. எல்லாரும் எறங்கி டீ குடிச்சாங்க. நானும் எறங்குனேன். மறுபடி ஏறறப்ப எனக்குக் கால் வரலைங்க. படியில கால வெக்கவே முடியலை. கண்டக்டர்கிட்ட வயித்துக்குச் சரியில்ல, அடுத்த வண்டில வர்றேன்னு சொன்னேன். சரிங்க சார்னுட்டாரு. நான் பஸ்ஸோரமா நனைஞ்சுட்டே நிக்கறேன், அந்த ஜெசிந்தா ஜன்னல் வழியா இந்தக் குடையை நீட்டுச்சு. மேல வர்றப்ப ஆஸ்பத்திரில குடுத்துருங்க சார்னுச்சு. நீயும் எறங்கிக்கம்மான்னு மெதுவாச் சொன்னேன். வார்டுல ராத்திரி டூட்டி பாத்த நர்ஸு ஒருத்தி எனக்காகக் காத்துட்டிருக்கா சார், நான் போய்த்தான் அவளை வீட்டுக்கு விடணும்னுச்சு. சொல்லிட்டு நேரா எந்திரிச்சு டிரைவர்கிட்டப் போயிருச்சு.

அவரு எட்டிப் பாத்தாரு. மீசைக்காரரு, நல்ல மனுசன். கோவமெல்லாம் இல்ல.

"சார், நீங்கதான் அந்த மேப்பு போட்டவராம்ல. சொல்லுங்க, போலாமா, வேண்டாமா?"

பஸ்ஸே என்னைய எட்டிப் பாக்குது. ஒரு கைக்குழந்தை கூடப் பாக்குதுங்க. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. என்ன நெனச்சேன்னு கேளுங்க. கடைசிப் பக்கத்துல எழுதியிருக்குதுங்கன்னு சொல்லலாமான்னு நெனச்சேன். அந்த நேரத்துல அதுதான் தோணுச்சு. அவரு இஞ்சினை ஓட விட்டுட்டுக் காத்திருந்தாரு. நல்ல நேரமாக் காத்திருந்தாரு. நான் குடையை விரிச்சுப் புடிச்சுட்டு நின்னேங்க.

கண்டக்டரு என்னையப் பாத்தாரு, டிரைவரைப் பாத்தாரு. "சார் ஒண்ணும் சொல்லலையே. அப்பப் போலாம், ரைட்டு"ன்னு விசிலடிச்சுட்டாரு.

நான் போலாம்னு சொல்லவே இல்லீங்க. யாரு வேணும்னாலும் விசாரிச்சுக்கலாம். போஜண்ணன் இங்கதான் நின்னுட்டிருந்தாரு, அவரையே கேளுங்க. நான் ஒண்ணுமே சொல்லலை. ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா அந்த ஜெசிந்தா ஜன்னல்ல இருந்து என்னைப் பாத்துட்டே போச்சு. திட்டலை. ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு இவ்வளவு பயமா இருக்காதுங்க.

அந்தப் பஸ்ஸு இந்நேரம் போய்ச் சேந்திருக்கும். குரங்குப்பாலம் இங்க இருந்து பக்கம்தான். அதைத் தாண்டிட்டா ஒண்ணும் இல்ல. தாண்டியிருக்கும். போன் பண்ணிக் கேக்கலாம்னா டவர் இல்ல. டவர் இருந்தாலும் அந்தப் பொண்ணு நம்பர் என்கிட்ட இல்ல. ஹசீனாவுக்கு என்ன பதில் எழுதறதுன்னும் தெரியலை. யாருகிட்டச் சொன்னீங்க சார்னு கேக்கும். உங்ககிட்டச் சொல்லியிருக்கேன், அந்த நர்ஸம்மாகிட்டச் சொன்னேன். சொல்லலைன்னு யாரும் சொல்ல முடியாதுங்க.

ஏனுங்க, லைட்டு தெரியுதே. மேல இருந்தா? கீழ இருந்தா? கீழ இருந்துதான். உங்க பஸ்ஸுங்க. அடடா, நெறைய ஜனம் இருக்குதே. நின்னுட்டே வர்றாங்க. ஸ்கூல் புள்ளைங்க வேற.

போஜண்ணே, என்னண்ணே நீங்க, டிரைவர் மேல எப்படி இருக்குதுன்னு கேட்டா உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டுப் போங்க. என்னைய எதுக்குக் கை காட்டறீங்க?

பாருங்க, இந்த டிரைவரும் என்ற மூஞ்சியையே பாக்கறாரு. என்ன பண்ணுவேன் நான்? சார், எந்திரிங்க. நீங்கதான் எல்லாத்தையும் கேட்டீங்கல்ல. ஒண்ணு விடாம உங்ககிட்டச் சொல்லியிருக்கேன். நீங்க போய்ச் சொல்லிருங்க. உங்களுக்கென்ன, உங்களுக்கு மேல யாரும் மாலையோட காத்திருக்கலையே. சீக்கிரம், இஞ்சினை அணைக்காம நிக்கறாரு, இன்னும் கொஞ்ச நேரத்துல கெளம்பிருவாரு. இந்தாங்க, குடையைப் புடிச்சுட்டுப் போங்க, நனைஞ்சுருவீங்க. வேண்டாம்னு சொல்லுங்க, போக வேண்டாம்னு சொல்லுங்க. ஓடுங்க சார்.

ஆனா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க.